போகலாமா, காலைவரை பார்க்கலாமா? கர்ப்பகால அறிகுறிகளில் முடிவெடுக்கும் விதம்

இரவு பத்தரை மணி. ஏழு மாதக் கர்ப்பிணிக்குத் தலை வலிக்கிறது. மாமியார் தைலம் தடவிவிடுகிறார். கணவர் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கி வரட்டுமா என்கிறார். அம்மா போனில், "பித்தமா இருக்கும், காலைல பாத்துக்கலாம்" என்கிறார். மூவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூவரும் விடை தேடுவது "இது ஆபத்தா இல்லையா?" என்ற கேள்விக்கு. அதற்கான விடை அந்த வீட்டில் இல்லை. மகப்பேறு மருத்துவரே பக்கத்து அறையில் இருந்தாலும், பிரஷர் கருவியும் சிறுநீர்ப் பரிசோதனையும் இல்லாமல் அந்தத் தலைவலி எப்படிப்பட்டது என்று அவரால் சொல்ல முடியாது.

கேட்க வேண்டியது வேறு கேள்வி: "இது சாதாரணமா, ஆபத்தா என்று வீட்டில் வைத்தே பிரித்துச் சொல்ல முடியுமா?" முடியும் என்றால் காத்திருக்கலாம். முடியாது என்றால், பிரித்துச் சொல்லும் கருவி இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். வலி எவ்வளவு கடுமை, பயமாக இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகுதான். மாலையில் இரண்டு கால்களும் வீங்கி காலையில் வடிந்துவிட்டால் அது வீட்டிலேயே பிரிக்கக்கூடியது. 28 வாரத்துக்கு மேல் பிள்ளையின் அசைவு குறைந்திருப்பது வீட்டில் பிரிக்கவே முடியாதது, வலி துளிகூட இல்லாவிட்டாலும்.

மூன்று தாமதங்கள்

பேறுகால மரணங்கள் ஏன் நடக்கின்றன என்று ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய இருவரும் 1994-இல் ஒரு எளிய வகைப்பாட்டைச் சொன்னார்கள். இன்றும் பேறுகாலச் சேவையில் இருப்பவர்கள் இதை வைத்துத்தான் பேசுகிறார்கள். முதல் தாமதம், போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில். இரண்டாவது, மருத்துவமனை போய்ச் சேர்வதில். மூன்றாவது, சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை தொடங்குவதில்.

தமிழ்நாட்டில் பின்னிரண்டு தாமதங்களைக் குறைக்க அரசு நிறையச் செய்திருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிறார்கள். சிசேரியன், இரத்தம் ஏற்றும் வசதி ஆகியவற்றோடு பெரிய அரசு மருத்துவமனைகளில் 'சீமாங்க்' என்ற அவசரப் பேறுகால, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. முதல் தாமதத்தை மட்டும் எந்த ஆம்புலன்ஸாலும் குறைக்க முடியாது. "அவர் வேலையிலிருந்து வரட்டும்", "நாளைக்குத்தானே செக்கப்", "இந்நேரத்துக்குப் போனா டாக்டர் திட்டுவாங்க", "ராகு காலம் முடியட்டும்" என்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது அந்தத் தாமதம்தான்.

வீட்டில் பிரிக்க முடியாதவை

முதலில் தலைவலி. 20 வாரத்துக்குப் பிறகு வரும் தலைவலியை இரத்த அழுத்தம் பார்க்காமல் விடக்கூடாது. பாராசிட்டமால் போட்டும் அடங்காத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, மங்கல், வலது விலா எலும்புக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் வலி, கடைசி மாதங்களில் புதிதாகத் தொடங்கும் வாந்தி, முகமும் கையும் திடீரென உப்புவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அது முன்-எக்லாம்ப்சியாவாக இருக்கலாம். இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கசிந்து, கல்லீரல், மூளை, நஞ்சுக்கொடி வரை பாதிக்கும் நிலை அது. 'யூரின்ல உப்பு போகுது' என்று ஊரில் சொல்வது இந்தப் புரதத்தைத்தான். சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து நாள் கடத்துவதும் வழக்கமாக நடக்கும் தவறு.

நெஞ்சுக்குழி வலியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 'வாயு' என்று நினைத்து ஓமத் தண்ணீரோ அசிடிட்டி மருந்தோ குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடும்போது வரும் வலியும் அதே இடத்தில்தான் வரும். கையால் தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரஷர் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீக்கத்தைக் கவனிக்க நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்தான் அது. இந்தக் கோளாறு அதிகம் தலைகாட்டுவதும் அதே மாதங்களில். போட்ட அன்று மணிக்கட்டில் தாராளமாக ஆடிய வளையல் இரண்டே நாளில் இறுகி, தோலில் தடம் பதித்தால் அது கால் வீக்கத்தைப் போலச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடியதல்ல. மோதிரம் கழற்ற முடியாமல் போவதும், காலையில் எழும்போதே கண் இமை உப்பியிருப்பதும் அப்படியே. அன்றே பிரஷர் பார்க்க வேண்டும்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் பார்க்கும் முறை முக்கியம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் இல்லாத பிரஷரைக் காட்டும். மேல் எண் 140, கீழ் எண் 90, இரண்டில் ஏதாவது ஒன்றை எட்டினாலும் சற்று பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவமனை. 160, 110 என்ற அளவில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் காத்திருக்கவே வேண்டாம், 108. எண் சரியாக இருந்து அறிகுறி மட்டும் தொடர்ந்தாலும் போகத்தான் வேண்டும். வீட்டு மெஷின் நன்றாக இருப்பதாகக் காட்டுவது ஆறுதல் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

இந்த நிலை முற்றி வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்கான மருந்து மக்னீசியம் சல்ஃபேட் ஊசி. அதன் முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடியும்.

அடுத்தது பிள்ளையின் அசைவு. முதல் பிரசவத்தில் 18 முதல் 20 வாரத்தில் அசைவு தெரியத் தொடங்கும், அடுத்த பிரசவங்களில் கொஞ்சம் முன்னதாகவே தெரியும். 28 வாரம் ஆவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாடிக்கை பிடிபட்டுவிடும்: ஒன்று அம்மா படுத்ததும் உதைக்கும், இன்னொன்று சாப்பிட்டதும் புரளும். கவனிக்க வேண்டியது அந்த வாடிக்கையைத்தான். 'கடைசி மாசத்துல உள்ள இடம் இல்ல, அதான் அசையல' என்பது தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் புழங்கும் பொய். உதை புரளலாக மாறலாம், ஆனால் அசைவின் எண்ணிக்கை பிரசவ வலி வரும்வரை குறையக்கூடாது.

சந்தேகம் வந்தால் டிவியையும் போனையும் அணைத்துவிட்டு இடப்பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டால் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், மறுநாள் காலை அல்ல. பிள்ளை வயிற்றுக்குள் தூங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. 2 மணி நேரக் கணக்கு அதனால்தான். அசைவே சுத்தமாக இல்லை என்றால் அந்த 2 மணி நேரமும் வேண்டாம். ஜில்லென்று ஜூஸ் குடித்து அசைய வைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. ஆன்லைனில் விற்கும் கையடக்க டாப்ளரும் வேண்டாம். பழக்கமில்லாத கையில் அது அம்மாவின் நாடியையே பிள்ளையின் துடிப்பாகக் காட்டிவிடும். உண்மையிலேயே பிள்ளையின் துடிப்பைப் பிடித்தாலும், துடிப்பு இருப்பதால் பிள்ளை நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மருத்துவமனையில் சி.டி.ஜி. என்ற கருவியில் 20 நிமிடமாவது துடிப்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பது அதனால்தான்.

இரத்தப்போக்கு எந்த மாதத்தில் வந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் அவசரத்தின் அளவு மாறும். முதல் 3 மாதத்தில் நான்கைந்து பேரில் ஒருவருக்கு ஓரளவு கசிவு வருகிறது, அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடரும். வலியில்லாமல் சிறு கறை என்றால் அன்றைக்குள் போன் செய்து ஸ்கேனுக்கு நேரம் கேட்கலாம். கர்ப்பப்பையில்தான் கரு இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியாகாத நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி என்று வந்தால் கதையே வேறு. கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் தேங்கலாம். அந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோளில் வலிக்கிறது. வெளியே படும் இரத்தம் சொட்டுக் கணக்கில்தான் இருக்கும், அதை வைத்து அளவு போட்டால் ஏமாந்துபோவோம்.

பிந்தைய மாதங்களில் வரும் இரத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே போக வேண்டியது. வலியே இல்லாமல் சிவப்பாகப் பட்டால் நஞ்சுக்கொடி கீழே அமைந்து கர்ப்பப்பை வாயை மறைத்திருக்கலாம். வயிறு பலகை போல இறுகி, விடாமல் வலித்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துகொண்டிருக்கலாம். இரண்டாவதில் இரத்தம் உள்ளேயே தேங்கிவிடும், நாப்கினில் ஒன்றும் தெரியாமலும் போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தால் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். 108-இல் 'ஒன்பது மாசம், ரத்தம் போகுது' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இரத்தமும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டிய நிலை இது. ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவும் கொடுக்க வேண்டாம். ஸ்கேன் பார்த்து நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை யாரும் கைவிட்டுப் பரிசோதிக்கக் கூடாது என்பதையும் உடன் போகிறவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

நெகட்டிவ் இரத்த வகைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் அவசரம் உண்டு. இரத்தம் பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம், அதை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 'நின்னு போச்சே' என்று விட்டுவிடுவது அடுத்த பிள்ளைக்குச் சிக்கலாகலாம்.

தண்ணீரும் வலியும்

பனிக்குடம் உடைந்தால் சினிமாவில் காட்டுவது போலக் குடம் குடமாகக் கொட்ட வேண்டியதில்லை, கசியவும் செய்யும். சிறுநீரா, வெள்ளைப்படுதலா, பனிநீரா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். சிறுநீர் கழித்துவிட்டுச் சுத்தமான வெள்ளை நாப்கின் ஒன்றை வைத்து அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து நில்லுங்கள். நின்றதும் வெதுவெதுப்பாக இறங்கினால், நாப்கினில் சிறுநீர் வாடையே இல்லாவிட்டால், பனிநீராக இருக்கலாம். நாப்கினைத் தூக்கி எறியாமல் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம், உடனே கிளம்ப வேண்டும். நேரம் போகப் போகக் கிருமித்தொற்று ஏறும் என்பதால் நிறம் தெளிவாக இருந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வலியில், சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். 37 வாரம் நிறைந்து, பனிக்குடமும் உடையாமல், பிள்ளையும் நன்றாக அசைகிறது என்றால் ஒரு டம்ளர் கஷாயத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. நடந்தாலும் படுத்தாலும் அடங்கிவிடுவது பொய் வலி, இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து வலுப்பது நிஜ வலி என்று பிரித்துக்கொள்ளலாம். 37 வாரத்துக்கு முன்பு இந்தச் சோதனைக்கே இடமில்லை. 10 நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு இறுகினாலோ, இடுப்பிலிருந்து விட்டுவிட்டு வலி சுற்றி வந்தாலோ கிளம்பிவிட வேண்டும். காரணம் எளிது. 34 வாரத்துக்கு முன் பிறக்கப்போகும் பிள்ளையின் நுரையீரலைத் தேற்ற டெக்ஸாமெத்தசோன் ஊசி 12 மணி நேர இடைவெளியில் 4 முறை போடுவார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும். கஷாயம் குடித்துவிட்டுக் காத்திருக்கும் 6 மணி நேரம் அந்தப் பிள்ளையின் மூச்சுக் கணக்கிலிருந்து கழிகிறது.

கண்ணில் படாமல் போகிறவை

கடைசி மூன்று மாதத்தில் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பே இல்லாமல் அரிப்பு, அதுவும் இரவில் தூக்கம் போகும் அளவுக்கு என்றால், அது தோல் வறட்சியாக இல்லாமல் பித்தநீர்த் தேக்கமாக இருக்கலாம். எண்ணெய் தடவித் தள்ளிப்போடாமல் ஓரிரு நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை உருவி நீவிவிடக் கூடாது, அன்றே காட்ட வேண்டும். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108.

மசக்கையில் வாந்தி சகஜம்தான். ஆனால் 24 மணி நேரமாகத் தண்ணீர்கூட நிற்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை அல்லது தேநீர் நிறத்தில் வருகிறது என்றால் மருத்துவமனையில் டிரிப் ஏற்ற வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றே காட்டுங்கள். டெங்குவும் சிறுநீர்த்தொற்றும் கர்ப்பத்தில் வேகமாக முற்றும். அதுவரை பாராசிட்டமால் போடலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் வேண்டாம், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு. மெடிக்கலில் 'மாசமா இருக்காங்க' என்று சொல்லாமல் வாங்கினால் கொடுத்துவிடுவார்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததுதான். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

காத்திருக்கக் கூடியவை என்று பார்த்தால் நெஞ்செரிச்சல், முதுகுவலி, இருமினால் இடுப்பின் ஓரத்தில் சுருக்கென்று இழுப்பது, வாடையும் அரிப்பும் இல்லாத வெள்ளைப்படுதல், மாலைநேரக் கால் வீக்கம் இவையெல்லாம் அடுத்த செக்கப்பில் சொல்லலாம். மறந்துவிடுவீர்கள், தாய் சேய் அட்டையின் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.

போனில் என்ன சொல்வது

பாதிப் பிரச்சினை இங்கேதான். "சிஸ்டர், ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் தண்ணி படுது" என்றால் எதிர்முனையில் "சரிம்மா, காலைல வா" என்று வருவதில் வியப்பில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சிஸ்டர், 33 வாரம், ரெண்டாவது பிள்ளை, முதல் பிள்ளை ஆபரேஷன். சாயங்காலம் 6 மணியிலேர்ந்து நிறமில்லாம தண்ணி இறங்குது, ரெண்டு பேட் நனைஞ்சிடுச்சு. வலி இல்ல. பிள்ளை அசையுது. போன வாரம் பிரஷர் 120-க்கு 80. ரத்தம் ஓ நெகட்டிவ்."

அரை நிமிடம்தான், ஆனால் கேட்பவருக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது. 'பச்சைத் தண்ணி மாதிரி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொல்வது வெறும் தண்ணீர், அவர் காதில் விழுவது பச்சை நிறம். ஆலோசனைக்கு 104 இருக்கிறது, உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரின் எண்ணும் இருக்க வேண்டும். ஆனால் இரத்தம், வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் ஆலோசனை கேட்டு நேரம் போக்க வேண்டாம்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புது ஊர் மருத்துவமனைக்கு உங்கள் பழைய பிரஷரும் இரத்த அளவும் தெரியாது. அட்டை, ஸ்கேன் தாள்கள், பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கதவோரம் மாட்டிவையுங்கள். இரவில் எந்த வண்டி, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்காமல் யார் கிளம்பச் சொல்வது என்பதை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். கடைசிக் கேள்விக்குச் சரியான விடை, கர்ப்பிணியே.

போன பிறகு பிரஷர், சிறுநீர், துடிப்பு, தேவைப்பட்டால் ஸ்கேன் என்று பார்த்துவிட்டு 'ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க' என்று அனுப்பிவிடலாம். வந்தது வீண் என்று நினைக்காதீர்கள், வீட்டில் பிரிக்க முடியாததைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதில் அந்த நேரத்துக்கு மட்டும்தான் செல்லும். இரண்டு நாள் கழித்து அசைவு மறுபடி குறைந்தால், 'போன தடவையே திட்டுனாங்க' என்று தயங்காமல் மறுபடி போக வேண்டும். இரண்டாம் முறை குறைவது முதல்முறையைவிடக் கவனிக்கப்பட வேண்டியது.

பிரசவமானதும் இந்தக் கணக்கு முடிவதில்லை. முன்-எக்லாம்ப்சியா பிள்ளை பிறந்த பிறகும் 6 வாரம் வரை வரலாம். அப்போது தலைவலிக்கென்று எந்த மருத்துவரிடம் போனாலும், கைக்குழந்தை வீட்டில் இருப்பதால் உங்களுக்குச் சமீபத்தில் பிரசவமானது அவருக்குத் தெரியாது. உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "டாக்டர், எனக்குப் பிரசவம் ஆகி 12 நாள்தான் ஆகுது."